கடற்கரையிலிருந்து மலையேறிய வண்டி குளிரில் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கத்திலிருந்து பனி பார்க்கவும் வண்டியிலேயே படுத்து எழவும் டிராகன்ஸ்பர்க் மலைக்கும் அதற்கு அப்பால் லெசோத்தோவுக்கும் போகும் நம் குடும்பங்களின் வண்டிகளில் ஒரே விதமான கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. மாரியம்மன் கோவில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மலையில் குளிர் கடுமையாக இருக்கும். காலையில் கடற்காற்றில் புறப்பட்ட பக்கி (பிக்கப் வண்டி), மாலையில் 2,876 மீட்டர் உயரத்தில், லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயின் உச்சியில் உறைபனியில் நிற்கிறது. வண்டியில் உள்ள டீசல், ரேடியேட்டர் தண்ணீர், பாட்டரி எல்லாம் கடற்கரையின் வெப்பத்துக்கு ஏற்றவையாகவே இருக்கின்றன. கோளாறுகளில் பெரும்பாலானவை இதனால் வருபவை. ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு மிகுந்ததைக் கடைசியில் பாருங்கள். உயிரோடு தொடர்புடையது என்பதால் தலைவலியிலிருந்து தொடங்குகிறேன்.

அறிகுறி: வண்டிக்குள்ளோ கூடாரத்திலோ படுத்தவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம்

காரணத்தை ஆராய்வதற்கு முன்பே எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டுவாருங்கள். கதவுகளை முழுவதும் திறந்துவிடுங்கள். அதன் பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே ஏதாவது எரிந்துகொண்டிருந்ததா என்பதே. பிராய் (இறைச்சி சுடும் கரியடுப்பு) போட்ட கரி அணைந்துவிட்டது என்று நினைத்து, கதகதப்புக்காக அந்தத் தட்டைக் கூடாரத்துக்குள் எடுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாம்பல் பூத்த கரி புகையைக் காட்டாது. ஆனால் அது மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிவாயு அடுப்பு, எரிவாயு ஹீட்டர், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஆகிய மூன்றும் இதே ஆபத்தைத் தரும்.

*உள்ளே ஏதாவது எரிந்திருந்தால்:* வெளியே வந்த சில நிமிடங்களில் தலைவலி குறைந்தாலும், ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தொந்தரவு வந்திருந்தாலும், கார்பன் மோனாக்சைடு என்றே கொள்ளுங்கள். யாராவது குழறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் 10177 ஆம்புலன்ஸுக்கான எண். கைப்பேசியிலிருந்து 112ஐயும் அழைக்கலாம். தலைவலி விட்டுப்போனவரையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

*எதுவும் எரியவில்லை என்றால்:* கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறியவர்களுக்கு உயரத்தாலும் தலைவலி வரும். தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, மறுநாள் காலையில் பாருங்கள். வாந்தி நிற்காவிட்டால், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தடுமாறினால், கீழே இறங்குவதுதான் மருந்து. சானியின் இரு எல்லைச் சாவடிகளும் மாலை 6 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதனால் மாலை 4 மணிக்கே ஒருவர் சோர்ந்து போயிருந்தால் அன்றே இறங்குவதா என்று முடிவெடுத்துவிடுங்கள்.

பாட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் விலை ஒரு நல்ல டயரின் விலையில் சிறு பங்குதான். வண்டிக்குள் படுக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதை வாங்கித் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

இங்கே சாவியைத் திருப்பும்போது காதைக் கொடுங்கள். வழி மூன்றாகப் பிரிவது அந்தச் சத்தத்தில்தான்.

*'டிக்' என்று மட்டும் கேட்கிறது, அல்லது எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது*

முதலில் பாட்டரி முனைகளைப் பாருங்கள். நேர்முனையின் கவ்வியைச் சுற்றி வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ பொடி பூத்திருந்தால், கவ்வியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து இறுக்குங்கள். கையால் பிடித்து அசைத்தால் கவ்வி சிறிதளவும் திரும்பக்கூடாது. டர்பனின் உப்புக் காற்றில் இருக்கும் வண்டிகளுக்கு இந்தப் பூப்பு சாதாரணம். கீழே வெயிலில் எப்படியோ சமாளித்துவிடும் இணைப்பு, குளிரில் கைவிட்டுவிடும்.

இணைப்பு சுத்தமாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே என்றால் காலியாகிக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பும் நேரத்தில் முள் 9.6க்குக் கீழே விழுந்தால், நிறைந்ததுபோல் தோன்றும் பாட்டரியும் வலுவிழந்துவிட்டது என்று பொருள். ஈய அமில பாட்டரி 0 டிகிரியிலேயே தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரத்தில் கெட்டிப்பட்ட எண்ணெயைச் சுற்ற ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும்.

அடுத்த வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போடும் முன் பாட்டரியின் பக்கங்களைத் தொட்டுப் பாருங்கள். பக்கங்கள் புடைத்திருந்தாலோ, மூடியைத் திறந்தால் உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ கேபிள் போடவே கூடாது. உறைந்த பாட்டரி வெடிக்கும். முற்றிலும் இறங்கிய பாட்டரி மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறையக்கூடும். நிறைந்த பாட்டரி நம் மலைகளில் உறையாது. புடைப்பு இல்லையென்றால், சிவப்புக் கேபிளை இறங்கிய பாட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில், பாட்டரியிலிருந்து எட்டத்தில் மாட்டுங்கள். உதவும் வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு முயலுங்கள்.

*எப்போது ஆளை அழைப்பது:* ஜம்ப் கொடுத்தும் 'டிக்' மட்டுமே கேட்டால் கோளாறு ஸ்டார்ட்டரிலோ தடித்த எர்த் கேபிளிலோ இருக்கும். ஸ்டார்ட் ஆன பின் பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வராவிட்டால், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தேவை. ஆல்டர்னேட்டர் பழுதான வண்டியில் எல்லைக்கு அப்பால் போகாதீர்கள்.

*நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை*

டீசல் வண்டியானால், எஞ்சின் முன்சூடேறுவதைக் காட்டும் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருந்தீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் அந்த விளக்கு கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். அதனால் நம்மவர்களுக்குக் காத்திருக்கும் பழக்கமே இல்லை. சாவியை முன்நிலைக்குத் திருப்பி, விளக்கு அணைந்ததும் மூடி, மீண்டும் திருப்பி, இரண்டு மூன்று முறை சூடேற்றிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள். வெண்புகை கொட்டி, ஒன்றிரண்டு சிலிண்டர்கள் மட்டும் தடதடவென்று அடித்துப் பிறகு சீரானால், சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் ஒன்றோ இரண்டோ செத்திருக்கலாம். ஊர் திரும்பிய பின் மாற்றினால் போதும். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈத்தர் ஸ்பிரே (ஸ்டார்ட் செய்ய உதவும் தெளிப்பு) அடிக்கவே கூடாது. நேரத்துக்கு முந்தி வெடித்து பிஸ்டனைச் சிதைத்துவிடும்.

பெட்ரோல் வண்டியில் பல முறை முயன்று பெட்ரோல் வாடை அடித்தால், பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒரு முறை சுற்றுங்கள். எரிபொருள் செலுத்தும் அமைப்புள்ள பெரும்பாலான எஞ்சின்களில் அது மிகுந்த பெட்ரோலை வெளியேற்றும்.

*பிடித்து ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது, அல்லது ஏற்றத்தில் மூச்சடங்குவதுபோல் இழுவை போகிறது*

டீசல் வண்டியில் இது பெரும்பாலும் மெழுகுக் கட்டு. குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். வடிகட்டியின் அடிக்கிண்ணம் கண்ணாடியாக இருந்தால் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள்: தெளிந்த தேன்நிறத்துக்குப் பதிலாக, உறைந்த நெய்போல் கலங்கி, ஓரங்களில் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் குளிர்காலத்துக்கென விற்கும் டீசல்கூட ஐரோப்பாவின் குளிர்நாட்டு டீசல் அளவுக்குத் தாங்காது. கோடையில் நிரப்பிக் கேனில் வைத்திருந்த டீசல் நிச்சயம் தாங்காது.

செலவில்லாத பரிகாரம் வெயில். தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகவே செல்வதால், வடக்கு நோக்கிய திறந்த இடத்துக்கு வண்டியைத் தள்ளி, பானெட்டைத் திறந்து வெயில் படவிடுங்கள். அவசரம் என்றால் வடிகட்டியின் மேல் துணி சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை மெதுவாக ஊற்றுங்கள். தீயை அருகில் கொண்டுபோகாதீர்கள். மாற்று வடிகட்டி ஒன்றும் அதைக் கழற்றும் கருவியும் கையில் இருந்தால் அரைமணி வேலை. மெழுகைத் தடுக்கும் மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும்; கலங்கிய பிறகு ஊற்றினால் பயனில்லை. பழைய ஆட்கள் பாரஃபின் கலக்கச் சொல்வார்கள். டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் இன்றைய காமன் ரயில் பம்பின் உயவு டீசலையே நம்பியிருக்கிறது. பாரஃபின் அதைக் குறைத்து, பம்பையும் இன்ஜெக்டர்களையும் தேய்த்துவிடும். மலையடிவார ஊரான அண்டர்பர்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுவது இவை எல்லாவற்றையும்விட எளிது.

வடிகட்டியை மாற்றியும், வெயில் ஏறிய பின்னும் வண்டி நின்று நின்று போனால் மெக்கானிக்கை அழையுங்கள். டர்போ இல்லாத எஞ்சினானால் இழுவை குறைவதையே கோளாறாக எண்ண வேண்டாம். சானியின் உச்சியில் காற்று மெல்லியதாக இருப்பதால் அது தன் வலுவில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் இழந்தே நிற்கும்.

அறிகுறி: கடுங்குளிரில் வெப்ப முள் ஏறுகிறது

குளிர்நாளில் எஞ்சின் சூடாவதைக் கண்டு குழம்பி, ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் எஞ்சினை இழக்கிறார்கள். உடனே நிறுத்தி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள்.

காரணம் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். கீழே அளவு குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் உறையாத் திரவம்) நீர்த்துவிடுகிறது. இரவில் ரேடியேட்டர் கூழ்ப்பதமாக உறைந்து சுற்றோட்டம் நின்றுவிடுகிறது. விரிவுத் தொட்டியில் உள்ள நிறத்தைப் பாருங்கள், வெளிறியிருந்தால் சந்தேகம். உதிரிபாகக் கடையில் கிடைக்கும் சிறு கூலன்ட் சோதனைக்குழாயால் உறிஞ்சிப் பார்த்தால் எந்த டிகிரி வரை தாங்கும் என்று தெரிந்துவிடும். கூலன்ட்டின் மூலப்பொருளான எதிலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதியாக இருந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் மைனஸ் 18 அளவு. தென்னாப்பிரிக்காவின் மிகக் கடும் குளிரான மைனஸ் 20.1, 2013 ஆகஸ்டில் கிழக்கு கேப்பின் பஃபெல்ஸ்ஃபான்டைனில் பதிவானது. அதனால் நான் பாதிக்குப் பாதியே பரிந்துரைக்கிறேன்.

உறைந்துவிட்டது என்றால் வெயிலில் தானாக இளகவிடுங்கள். பிறகு எஞ்சின் பக்கவாட்டில் உள்ள வட்ட அடைப்பான்களையும் ரேடியேட்டரின் அடியையும் பாருங்கள். கசிவு இருந்தாலோ, எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் கட்டியிழுக்கும் வண்டியை வரவழையுங்கள்.

முள் ஏறாமலே இருந்து, உள்ளே வெப்பக்காற்றும் வராவிட்டால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். விலை குறைந்த பாகம். ஊர் வந்து மாற்றலாம்.

அறிகுறி: பிரேக் விடவில்லை, கதவு திறக்கவில்லை

ஈரச் சாலையில் வந்து ஹேண்ட்பிரேக் போட்டு இரவு நிறுத்தினால் பிரேக் கட்டை டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் டிரம்மைச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். ஓட்டிய சில கிலோமீட்டரில் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அது உறைவு அல்ல, கேபிள் சிக்கல், மெக்கானிக்கிடம் போங்கள். மலையில் ஹேண்ட்பிரேக்கைத் தவிர்த்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவது போதும். சமதரையில் மட்டும்தான் இப்படி.

கதவை இழுத்துப் பிடுங்கினால் ரப்பர் கிழியும். முதலில் உள்பக்கமாகத் தள்ளி, பனி விரிசல் விட்ட பிறகு இழுங்கள். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும்.

அறிகுறி: அடுப்பு சோம்பி எரிகிறது, பருப்பு வேகவில்லை

சிறு கேட்ரிட்ஜில் பியூட்டேன் மட்டும் இருந்தால் 0 டிகிரியை ஒட்டி அது வாயுவாக மறுத்துவிடும். புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள். கைவசம் உள்ளதை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, சமைக்கும்போது வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்துங்கள். பெரிய சிலிண்டரில் சுடர் குறைந்தால் முதலில் எடையைப் பாருங்கள். பிறகு ரெகுலேட்டரில் உறைபனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு நீர் தடவிக் குமிழி வந்தால் அந்த ரெகுலேட்டரை மீண்டும் பயன்படுத்தாமல் எரிவாயு விற்பனையாளரிடம் கொடுங்கள்.

சுடர் நன்றாக இருந்தும் பருப்பு வேகாதது அடுப்பின் குற்றம் அல்ல. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கரைக் கொண்டுபோங்கள், அல்லது வேகவைத்த பருப்பை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: காலையில் படுக்கையும் கூரையும் நனைந்திருக்கின்றன

கூரை ஒழுகுவதாக எண்ணி ஒட்டுப்பசை வாங்கும் முன், அது உங்கள் மூச்சின் ஈரம்தானா என்று பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் முழுவதும் பனி படிந்திருந்தால் அதுதான். எதிரெதிரான இரண்டு சன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்துவையுங்கள், ஈர உடைகளை வெளியே தொங்கவிடுங்கள், உள்ளே சமைக்காதீர்கள். ஈரம் ஒரே மூலையில் மட்டும் தெரிந்தால் அப்போதுதான் ஒழுக்கு.

அறிகுறி: டீசல் ஹீட்டர் எரியவில்லை

மின்விசிறி சுற்றி, நின்று, பிழை எண் காட்டினால் முதலில் வோல்ட் குறைவைச் சந்தேகியுங்கள். பற்றவைக்கும் பிளக் இழுக்கும் நேரத்தில் ஹீட்டரின் முனையிலேயே அளந்து பாருங்கள், பாட்டரியில் 12.5 இருந்தும் அங்கே 11ஐ ஒட்டி விழுந்தால் கம்பி மெல்லியது, தடித்த கம்பி போடுங்கள். வெண்புகை வந்து அணைந்தால் எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழியோ, முன்பு சொன்ன மெழுகோ காரணம். கரும்புகை வந்தால் உயரம் காரணம். காற்று மெலிந்த இடத்தில் டீசல் மிகுந்து கரி படியும். உங்கள் ஹீட்டரில் உயர அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள், தாழ்ந்த நிலையில் இரவு முழுவதும் ஓட்டாதீர்கள், அணைக்கும் முன் சிறிது நேரம் முழு வேகத்தில் எரியவிடுங்கள். புகைக்குழாய் இணைப்பில் கரித்தடம் தெரிந்தால் அன்றிரவு அதைப் பயன்படுத்தவே வேண்டாம், நிறுவியவரிடம் காட்டுங்கள்.

லித்தியம் இரண்டாம் பாட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரிய ஒளி நன்றாக இருந்தும் காலையில் சார்ஜ் ஏறாவிட்டால் அது பெரும்பாலும் கோளாறல்ல. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்கள் கெடும் என்பதால் பாட்டரிக்குள் உள்ள காவல் மின்சுற்று தடுத்திருக்கும். இதமான பிறகு தானே ஏறும்.

அறிகுறி: டயர் அழுத்த விளக்கு எரிகிறது

வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் குறையும். ஆனால் கடல்மட்டத்தில் நிரப்பிய டயர், சானி உச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் ஏறக்குறைய 0.3 பார் கூடுதலாகவும் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்வதால், நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தனித்து இறங்கியிருந்தால் ஆணியைத் தேடுங்கள்.

அறிகுறி: வளைவில் வண்டி வழுக்குகிறது, அல்லது பனியில் நின்றுவிட்டது

வெயில் படாத தெற்கு நோக்கிய சரிவுகளில் பனிக்கட்டி நண்பகல் வரையிலும் கிடக்கும். மேலே வெயிலடிக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள். முதல் நிழல் வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, காலால் தேய்த்துப் பாருங்கள். கால் வழுக்கினால் வண்டியும் வழுக்கும், காத்திருங்கள். இறங்கும்போது தாழ்ந்த விகிதத்தில் (லோ ரேஞ்ச்) முதல் கியரில் விட்டு, பிரேக்கை முடிந்தவரை தொடாதீர்கள். டயரில் பனிச் சங்கிலி மாட்டாமல் பனிக்கட்டிமேல் நான்கு சக்கர இழுவையும் உதவாது.

பனிப்பொழிவில் சிக்கிவிட்டால், ஏற முயன்று சக்கரத்தைச் சுழற்றிப் பள்ளம் தோண்டாதீர்கள். இது மலையுச்சியில் மட்டும் நடப்பதல்ல: 2024 செப்டம்பர் 20 இரவு டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையே வான் ரீனன் பகுதியில் பனியால் அடைபட்டு, குடும்பங்கள் வண்டிகளிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். எஞ்சினை ஓட்டிச் சூடேற்றுவதானால், ஒவ்வொரு முறையும் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் அகற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்; மணிக்குப் பத்து நிமிடம் போதும், காற்று வந்து அடிக்காத பக்கத்துச் சன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். குழந்தைகளை நடுவில் படுக்கவைத்து, ஈரக் காலுறைகளைக் கழற்றிவிடுங்கள். யாருக்காவது நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் 112ஐ அழையுங்கள்.

உங்கள் காப்பீட்டின் சாலை உதவி லெசோத்தோவுக்குள் வருமா என்பதை டர்பனிலேயே கேட்டுவையுங்கள். வராது என்றால், இழுவை வண்டிக்கான உள்ளூர் ஏற்பாட்டைத் தங்கும் விடுதியிடம் முன்கூட்டியே விசாரித்து, அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கையுறைப் பெட்டியில் வையுங்கள். கைப்பேசியின் பாட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும்.